காளான் குடிலுக்கு இறக்குமதி டக்ட் ஃபேன்: எதை வாங்கலாம், எப்படி இணைக்கலாம்

குமரி மாவட்டத்துக் காளான் குடில்களுக்கு ஆறு அங்குல டக்ட் ஃபேன்கள் (குழாயோடு பொருத்திக் காற்றைத் தள்ளும் விசிறிகள்) மூன்று வழியாக வந்து சேர்கின்றன. ஒன்று, ஆன்லைனில் கிடைக்கும் சீனத் தயாரிப்பு. இரண்டு வேகம் உள்ள ஏசி மோட்டார். இரண்டாவது, தனி கன்ட்ரோலரோடு வரும் இசி மோட்டார் (உள்ளிருக்கும் மின்னணு சர்க்யூட்டால் ஓடுவது) ஃபேன். மூன்றாவது, வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது. காற்று தள்ளும் வேலையில் மூன்றையும் குறை சொல்ல முடியாது. நம் ஊர் கரண்டோடு இணைக்கிற இடத்தில்தான் நல்லதும் கெட்டதும் தெரியும். ஈரம் சொட்டும் அறையில் அந்த இணைப்பு பிசகினால் ஆள் போய்விடும். அதனால் இந்த மதிப்பீட்டில் காற்றின் அளவைவிட வயருக்குத்தான் அதிக இடம்.

முதலில் அளவு. சிப்பிக்காளான் மொட்டு விடும் அறையில் 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம் வேண்டும்; கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். 20 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரமுள்ள குடிலின் கொள்ளளவு 2160 கன அடி. மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 216 கன அடி. பெட்டியில் போட்டிருக்கும் எண் டக்ட், ஃபில்டர் எதுவும் இல்லாமல் அளந்தது. ஃபில்டரும் இரண்டு வளைவும் சேர்ந்தால் அதில் பாதி கைக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஆக, நிமிடத்துக்கு 430 கன அடிக்கு மேல் என்று எழுதியிருக்கும் ஆறு அங்குல ஃபேன் இந்தக் குடிலுக்குச் சரியாக இருக்கும். நான்கு அங்குல ஃபேன் போதாது.

வாங்கும்போது பெயர்ப் பலகையில் நான்கு விஷயம் பாருங்கள்: வோல்ட், ஹெர்ட்ஸ், ஐபி எண் (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்ற குறியீடு), எர்த் குறி. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாய், கத்தார், ஓமன், குவைத் எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்து வரும் ஃபேனுக்கு பிளக் மட்டுமே பிரச்சினை. சவுதியில் 60 ஹெர்ட்ஸ், பழைய கட்டடங்களில் 127 வோல்ட்டும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த ஏசி மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடு கூடி ஓடும். பலகையில் 50/60 என்று இருந்தால் கவலையில்லை.

அமெரிக்க 120 வோல்ட் ஏசி ஃபேனை வேண்டாமென்றே சொல்வோம். நேரடியாகக் கொடுத்தால் வைண்டிங் எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸில் 120 வோல்ட் என்றால் 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் கொடுத்தால்தான் மோட்டாரின் இரும்பு சூடேறாது. அந்த 100 வோல்ட் தரும் முனை உள்ள டிரான்ஸ்ஃபார்மர் கடையில் எளிதில் கிடைக்காது. கிடைக்கிற மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் (இரு பக்கத்துக்கும் ஒரே வைண்டிங் உள்ளது) பொதுப் பக்கத்து நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் அப்படியே ஃபேன் பக்கம் வந்துவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட இசி ஃபேன் மட்டும் இதற்கு விலக்கு. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஓடும்.

அடுத்து நிறம். வயர்மேன்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் ஊர் வீடுகளில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சீன, ஐரோப்பிய, வளைகுடா ஃபேன்களில் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அமெரிக்க ஃபேனிலோ கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். மூன்று பேஸ் வேலை பார்த்துப் பழகிய கைக்கு நீலம் என்றாலே பேஸ் என்று தோன்றும். கறுப்பைக் கறுப்போடு சேர்த்தாலும் ஃபேன் சுற்றும், அதுதான் ஆபத்து. ஃபேனிலேயே இருக்கும் சுவிட்ச் அப்போது நியூட்ரலைத்தான் துண்டிக்கும். ஃபேன் நின்ற பிறகும் உள்ளே பேஸ் இருக்கும். இறக்கை துடைக்கக் கை விடுகிறவருக்கு அது தெரியாது. நிறத்தை நம்பாமல் டெர்மினல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். படம் இல்லாத ஃபேனைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கூட வரும் பிளக்கை அடாப்டரில் மாட்டி ஓட்டாதீர்கள். ஐரோப்பிய உருண்டை இரண்டு கால் பிளக் நம் 6 ஆம்பியர் சாக்கெட்டில் தளர்வாக நுழைந்துவிடும். ஆனால் அதன் எர்த் பட்டை எதையும் தொடாது. சில சீன ஃபேன்களில் தட்டைக் கால் இரண்டுதான், எர்த் வயரே இருக்காது. வெளிக்கூடு முழுக்க பிளாஸ்டிக்காக இருந்து, பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டை இன்சுலேஷன் குறி இருந்தால் மட்டுமே அது சரி. தகரக் கூடு உள்ள ஃபேனுக்கு எர்த் கட்டாயம். வளைகுடா சதுரக் கால் பிளக்குக்குள் 3 அல்லது 13 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருக்கும். பிளக்கை வெட்டும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. பதிலுக்கு மெதுவாக உருகும் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைப் பேஸ் வயரில் வையுங்கள். இந்த ஃபேன்கள் இழுப்பது அரை ஆம்பியருக்கும் கீழே. 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வயரைத்தான் காக்கும். தூசி அடைத்து இறக்கை நின்றுபோனால் மோட்டார் வெந்துகொண்டிருக்கும், எம்சிபி விழவே விழாது. அதனால் வைண்டிங்குக்குள் தெர்மல் கட்-அவுட் உண்டு என்று விவரக் குறிப்பில் எழுதியிருக்கும் ஃபேனை மட்டும் வாங்குங்கள்.

குடிலுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் இழுப்பது நல்லது: 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் மூன்று, 6 ஆம்பியர் சி வகை எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி). இசி ஃபேனோ எல்இடி டிரைவரோ இருந்தால் ஆர்சிசிபியில் ஏ வகை கேளுங்கள். கடைகளில் சாதாரணமாக எடுத்துத் தருவது ஏசி வகை. ஆர்சிசிபிக்குப் பிறகு போகும் நியூட்ரலை வீட்டின் வேறு லைனோடு சேர்த்தால் அது விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழும்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். தண்ணீர் தெளிக்கும் அறையில் ஆளைக் காக்கிற ஒரே கருவி அதுதான். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

எர்த் வயரை நியூட்ரலோடு முறுக்கிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபேனின் தகரக் கூடு முழுக்கக் கரண்டாகும். எர்த் குழிக்குத் தனிப் பச்சை வயர்தான் போக வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் உப்பு மண் ஜிஐ பைப்பை அரித்துத் தின்றுவிடும், செம்பு பூசிய கம்பி நிற்கும். குலசேகரம், அருமனைப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் பங்குனி, சித்திரை வறட்சியில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி.

ஃபேனை எங்கே வைப்பது? உள்ளே தொங்கவிட்டு ஈரக் காற்றை வெளியே இழுப்பதுதான் வழக்கம். எங்கள் தீர்ப்பு நேர் எதிர். ஃபேனைக் குடிலுக்கு வெளியே, மழை படாத கூரைச் சரிவுக்குக் கீழே வைத்து, ஃபில்டர் வழியாக வெளிக்காற்றை உள்ளே தள்ளுங்கள். எதிர்ச் சுவரில் தரைக்கு ஓரடி மேலே வலை போட்ட ஜன்னல் வழியாகக் காற்று வெளியேறட்டும். மோட்டார் மேல் ஈரமும் வித்துத் தூளும் படியாது. உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுவதால் இடுக்கு வழியாகக் காளான் ஈயும் நுழையாது. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். நாள் முழுக்க 90 சதவீத ஈரத்தில் ஊறுவதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. சுவிட்சும் வெளியேதான்: பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டிபி சுவிட்ச், ஐபி65 பெட்டிக்குள்.

வயர் ஃபேன் பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கூட வரும் ரப்பர் வளையம் பெரும்பாலும் மெல்லியது. வயரின் வெளி உறையை இறுக்கிப் பிடிக்கும் நைலான் கிளாண்ட் மாட்டுங்கள். இழை வயரின் நுனியில் ஃபெரூல் (சின்ன உலோகக் குழல்) போட்டு கிரிம்ப் செய்த பிறகே திருகில் வையுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பச்சை பூத்துச் சூடேறும்.

இரண்டு வேக ஏசி ஃபேனில் வேகத்துக்கு ஒன்றாக இரண்டு பேஸ் முனைகள் இருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போனால் வைண்டிங் போய்விடும். ஆகவே இரண்டு தனி சுவிட்ச் வைக்கக் கூடாது. மாடிப்படி விளக்குக்குப் போடுகிற டூ-வே சுவிட்ச் ஒன்றே போதும்: டிபி சுவிட்சிலிருந்து வரும் பேஸ் நடு முனையில், ஃபேனின் இரண்டு பேஸ் முனைகள் மேலும் கீழும். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே கரண்ட் போகும். ஒரு வேகம் மட்டும் போதுமென்றால் மற்ற முனையை கனெக்டரில் மூடிவிடுங்கள். ஃபேன் ஓடும்போது அதிலும் வோல்ட் இருக்கும். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை இதில் மாட்டினால் மோட்டார் உறுமிச் சூடேறும். இசி ஃபேனில் மாட்டினால் உள்ளிருக்கும் சர்க்யூட்டே போகும். அதற்கு வேகக் கட்டுப்பாடு கூட வரும் கன்ட்ரோலரில் மட்டும்தான்.

கரண்ட் கொடுக்கும் முன் பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் இணைக்க வேண்டாம். இசி ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு வயரை மட்டும் சோதியுங்கள். ஓடத் தொடங்கியதும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து பலகையோடு ஒப்பிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அணைத்து, டெர்மினல் திருகுகளை மறுபடி இறுக்குங்கள்.

மூன்றில் எது? மின்சாரச் செலவும் சத்தமும் குறைவு என்பதால் இசி ஃபேன் மேலானது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடியில் முதலில் போவதும் அதுதான். மெயின் பெட்டியில் சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் அதை வாங்க வேண்டாம். மார்த்தாண்டம், தக்கலை சுற்றிய சின்னக் குடில்களுக்கு 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் இரண்டு வேக ஏசி ஃபேனே எங்கள் தேர்வு. அதில் அதிகமாகப் போவது கெபாசிட்டர்: ஃபேன் உறுமும், சுற்றாது, கையால் தள்ளினால் சுற்றும். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் உள்ள கெபாசிட்டர் நாகர்கோவில் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். பழையதன் இரண்டு முனைகளையும் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து சார்ஜ் இறக்கிய பிறகே கழற்றுங்கள். ஃபார்மலினோ பிளீச்சிங் பவுடரோ தெளிக்கும் நாளில் ஃபேனை அணைத்து டக்ட் வாயை மூடிவிடுங்கள், குளோரின் வாடை செம்பு முனைகளை வேகமாக அரிக்கும்.