பழைய லாரிக்கு எது தேறும்: பெரிய நாசிலா, பம்ப் வேலையா, காமன் ரெயிலா?

புளியரை எஸ் வளைவில் லோடோடு ஏறும் பழைய ஆறு டயர் லாரியைப் பின்னால் வருகிறவர்கள் புகைக்காக வைவார்கள். ஓட்டுகிறவர் இழுவைக்காக வைவார். "அண்ணாச்சி, வண்டி இழுக்கவே மாட்டேங்கு. நாசிலப் பெருசாப் போட்டுருவமா?" என்று பம்ப் ரூமுக்கு (டீசல் பம்பும் நாசிலும் பழுதுபார்க்கும் பட்டறைக்கு) வரும் கேள்வி அந்த மாதிரி ஏற்றத்தில் பிறப்பதுதான். நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை. கேரளத்துக்கு ஜல்லி, வாழைத்தார், தூத்துக்குடியிலிருந்து உப்பு, தாழையூத்துச் சிமெண்ட் என்று நெல்லைச் சீமையில் பழைய வண்டிக்கு இன்னும் வேலை இருப்பதால் கேள்வியும் ஓயவில்லை.

இங்கே அலசுவது மெக்கானிக்கல் இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் பிளஞ்சர் வைத்து டீசலைத் தள்ளும் பம்ப்) உள்ள, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத டீசல் எஞ்சின்களை. கணக்குக்கு டாடா 697-ஐ எடுத்துக்கொள்வோம்: 97 மி.மீ போர் (சிலிண்டர் விட்டம்), 128 மி.மீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்), ஆறு சிலிண்டர், 5,675 சி.சி. அசோக் லேலண்டின் ஹினோ வழி எஞ்சின்களுக்கும் இதே நியாயம்தான். எண்கள் மட்டும் மாறும். பம்பைச் செய்த மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் இந்தப் பக்கம் அது இன்றைக்கும் மைக்கோ பம்ப்தான்.

பெரிய நாசில்: கேட்பவர் அதிகம், பலன் பூஜ்யம்

இன்லைன் பம்ப் எஞ்சினில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு டீசல் என்பதை நாசில் தீர்மானிப்பதில்லை. பம்புக்குள் இருக்கும் எலிமெண்ட்டும் (பிளஞ்சரும் அது ஓடும் உறையும்) அதைத் திருப்பும் ரேக் தண்டும்தான் தீர்மானிக்கின்றன. பிளஞ்சர் தள்ளியது எப்படியும் வெளியே போயாக வேண்டும். 0.28 மி.மீ துளை இருந்த இடத்தில் 0.32 மி.மீ துளை போட்டால் துளைப் பரப்பு 30 சதவீதம் கூடும். டீசல் அப்படிக் கூடாது. அதே டீசல் குறைந்த அழுத்தத்தில், தடித்த துளியாக இறங்கும். தடித்த துளி எரிந்து முடிய நேரம் பிடிக்கும். கரும்புகை வரும், மைலேஜ் இறங்கும், இழுவை மட்டும் பழையபடியே நிற்கும்.

அடுத்த கட்டமாகப் பம்பின் சீலை உடைத்து, உச்ச டீசல் அளவைக் கட்டும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகுவார்கள். இதில் டீசல் உண்மையிலேயே கூடும், காற்று கூடாது. 697-இல் ஒரு சிலிண்டர் சுமார் 946 சி.சி. நம் ஊர் வெயிலில், 85 சதவீதம் நிரம்புகிறது என்று கொண்டால் ஒரு தடவைக்கு உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 0.92 கிராம். ஒரு பங்கு டீசலுக்கு இருபது பங்கு காற்றாவது இருந்தால்தான் இந்த ரக எஞ்சினில் புகை கட்டுக்குள் நிற்கும். அப்படியானால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 46 மில்லிகிராம். டெஸ்ட் பெஞ்ச் (பம்பைக் கழற்றி மாட்டி அளக்கும் மேசை) கணக்கில் 1,000 ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 55 சி.சி. இது வரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் கணக்கு. செட் செய்ய வேண்டிய எண் உங்கள் பம்பின் டெஸ்ட் ஷீட்டில் இருக்கும். அதற்கு மேல் ஊற்றுவதில் கொஞ்சம் இழுவையாகும், மிச்சம் புகையும் சூடும். ஒரு மாதம் வண்டி பறக்கும். அப்புறம் லைனரில் எண்ணெய்ப் படலத்தை டீசல் கழுவிவிடும், ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடும், பிஸ்டன் தலை கருகும்.

புகைச் சான்றிதழிலும் இது இடிக்கும். பழைய டீசல் வண்டிக்கு ஃப்ரீ ஆக்சிலரேஷன் சோதனையில் (நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்திப் பார்ப்பது) புகையின் கருமைக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட்தான் உச்சம். எஃப்.சி. (தகுதிச் சான்று) வரும் மாதம் ஸ்க்ரூவை இறக்கி, முடிந்ததும் ஏற்றுகிறவர்கள் உண்டு; ஒவ்வொரு தடவையும் சீல் போவதோடு, பம்ப் எந்த அளவில் நிற்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது.

நாசில் செட் மட்டும் போதுமா?

போதும் நேரமும் உண்டு. பம்ப் சமீபத்தில் பெஞ்சில் ஏறியிருக்கிறது, சூட்டிலும் குளிரிலும் ஸ்டார்ட் சரி, ஆனால் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது), கரும்புகை என்றால் முதலில் நாசிலைப் பாருங்கள். எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு இஞ்செக்டரின் (நாசிலைத் தாங்கும் கூட்டின்) பைப் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே தொய்யும். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் ஆள். நட்டின்மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள், கையை வைக்காதீர்கள்.

இந்த எஞ்சின்களுக்கு நாசில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 180 முதல் 250 பாருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய எண் மேனுவலில் உண்டு. 200-இல் செட் பண்ணியது ஸ்பிரிங் தளர்ந்து 170-க்கு வந்தால் நாசில் முன்கூட்டியே திறக்கும், நாக்கிங் கேட்கும், தெளிப்பு கரடாகும். ஷிம் (ஸ்பிரிங்கோடு வைக்கும் மெல்லிய தகடு) மாற்றி ஏற்றலாம், 0.1 மி.மீ ஷிம்முக்குச் சுமார் 10 பார், ஸ்பிரிங்கைப் பொறுத்துக் கூடும் குறையும். புது ஸ்பிரிங் போட்டால் குறித்த எண்ணைவிட 10 பார் ஏற்றி வைப்பது வழக்கம், ஏனென்றால் கொஞ்ச நாளில் அது தானே படியும்.

டெஸ்டரில் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் நல்ல நாசில் 'கிர்ர்' என்று அதிர்ந்து தெளிக்கும். நாலு துளையிலும் ஒரே நீளத்தில், புகைபோல மெல்லிய விசிறி வர வேண்டும். ஒரு பக்கம் கயிறுபோல நேராகப் பாய்ந்தால் அந்தத் துளை தேய்ந்திருக்கிறது, அல்லது கரி பிடித்திருக்கிறது. பிறகு திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பிடித்து 10 விநாடி நிறுத்துங்கள். நுனி ஈரம் கசியலாம், துளி விழக்கூடாது. விழுந்தால் சீட் (ஊசி அமர்ந்து மூடும் இடம்) போய்விட்டது. கிளீன் பண்ணித் திருப்பித் தருகிற பேச்சுக்கே இடமில்லை. தெளிப்பின் முன்னால் விரல் நீட்டிப் பார்க்கிற பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும்; விரலையே எடுக்கும்படி ஆகும்.

புது நாசில் வாங்கும்போது குறியீட்டைப் படியுங்கள். 'டி.எல்.எல்.ஏ 150 எஸ்' என்று தொடங்கினால் 150 என்பது தெளிப்புக் கோணம். 'எஸ்' என்பது தடித்த ரகம், 'பி' என்பது ஒல்லி ரகம். ஹோல்டருக்குள் உட்காருகிறதே என்று வேறு கோணத்தை மாட்டினால் டீசல் பிஸ்டன் கிண்ணத்தை விட்டு விளிம்பில் அடிக்கும். பெட்டியில் வந்த மசகைச் சுத்தமான டீசலில் கழுவி, நாசிலை 45 டிகிரி சாய்த்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஊசியும் உடலும் ஜோடியாக அரைத்தவை. இதை அதில் மாற்றிப் போடக்கூடாது. ரீகண்டிஷன் செட் விலை குறைவுதான், ஆனால் பழைய சீட்டை மெருகேற்றிய நாசில் டெஸ்டரில் பாஸாகி ரோட்டில் சீக்கிரம் ஒழுக ஆரம்பிக்கும். ஆறும் புதிதாக, ஒரே எண்ணாக, ஒரே நாளில் என்பதுதான் பணத்துக்கு மரியாதை.

மாட்டும்போது நடக்கும் பிழைகளில் காப்பர் வாஷருக்குத்தான் முதலிடம். இஞ்செக்டரைக் கழற்றும்போது பழைய வாஷர் ஹெட்டின் குழிக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதிதையும் போட்டால் நாசில் ஒரு வாஷர் தடிமன் மேலே நின்றுவிடும். தெளிப்பு கிண்ணத்தில் படுகிற இடமே மாறும். புது நாசில் போட்டும் புகை நிற்காத வண்டியில் முதலில் தேட வேண்டியது இது. வளைந்த கம்பியால் துழாவிப் பாருங்கள். கழற்றும் முன்னால் சுற்றிலும் அழுக்கைத் துடைப்பது, இஞ்செக்டர்களுக்கு எண் போடுவது, திறந்த பைப் வாய்களை மூடுவது எல்லாம் தெரிந்ததுதான். அவசரத்தில் விடுபடுவதும் அவைதான்.

நாசிலோடு பம்பும்

நாலைந்து வருடமாகப் பம்ப் பெஞ்ச் ஏறவில்லை என்றால், அல்லது எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் எடுக்கச் சிரமம் என்றால், நாசில் மட்டும் மாற்றுவது பாதி வேலை. சூட்டில் டீசல் நீர்த்துவிடும். தேய்ந்த எலிமெண்ட்டின் பக்கவாட்டில் கசிந்து, தேவையான அழுத்தம் ஏறாது. காலையில் எடுத்து, டீ குடிக்க நிறுத்தினால் எடுக்காத வண்டியின் கதை பெரும்பாலும் இதுதான். பம்பின் வாயில் இருக்கும் டெலிவரி வால்வு தேய்ந்தால் தெளித்து முடித்தபின்னும் நாசில் சொட்டும். நுனியில் கரி பூ பூக்கும். புது நாசிலை ஆறே மாதத்தில் கெடுக்கிற எமன் இந்த வால்வு.

பெஞ்சில் என்ன செய்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். டெஸ்ட் ஆயில் 40 டிகிரியில் இருக்க வேண்டும். ஆறு கிளாஸிலும் மட்டம் ஒன்றாக நிற்க வேண்டும்: 1,000 ஸ்ட்ரோக்குக்கு 55 சி.சி. பக்கம் வருகிற பம்பில் இரண்டு சி.சி.க்கு மேல் ஏற்ற இறக்கத்தை விட்டுவைக்கிற ரூமுக்கு அடுத்த தடவை போக வேண்டாம். ஒவ்வொரு எலிமெண்ட்டும் 60 டிகிரி இடைவெளியில் தள்ளத் தொடங்குகிறதா என்பதும், கவர்னர் (வேகத்தைக் கட்டும் பாகம்) கட் ஆகும் ஆர்.பி.எம்.மும் ரீடிங் தாளில் இருக்க வேண்டும். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு வரி ரீடிங் தராத இடத்தில் துடைத்துப் பெயின்ட் அடித்துத் தந்தார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பம்பைத் திரும்ப மாட்டியதும் டைமிங் (டீசல் தள்ளத் தொடங்கும் நேரம்). பழைய குறியில் வைத்துப் போல்ட்டை முறுக்கிவிடுவது போதாது. முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, ஹோல்டரை மாட்டி, அதில் வளைந்த பைப்பைப் பொருத்துங்கள். ரேக்கை ஃபுல் லோடு நிலையில் வைத்துக் கை பம்பை அடித்தபடி எஞ்சினை ஓடும் திசையிலேயே திருப்பினால், பைப்பிலிருந்து வழியும் டீசல் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நிற்கப் போகும் இடம்தான் தள்ளல் தொடங்கும் புள்ளி. அங்கே ஃப்ளைவீல் குறி எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்து, பம்பை அதன் நீள்துளையில் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஃபில்டர், பம்ப், பைப் நட்டு என்ற வரிசையில் உள்ளே சிக்கிய ஏரை எடுக்க வேண்டும்.

செலவு நாசில் செட்டைவிட அதிகம், வண்டி இரண்டு மூன்று நாள் நிற்கும். ஒரு கணக்கு: மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கொடுத்தது 4.3 கொடுத்தால், 1,250 லிட்டர் 1,163 ஆகும். லிட்டர் 93 ரூபாய் என்றால் மாதம் எட்டாயிரம் மிச்சம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே நாசிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதுவானாலும் அதற்கு முன்னால் ஃபில்டரும் ஏர் கிளீனரும். காற்றுதான் எல்லை என்று மேலே பார்த்தோம். ஆனி ஆடிக் காற்றில் குவாரிக்குள் நிற்கும் வண்டியின் ஆயில் பாத் ஏர் கிளீனரைத் திறந்தால், எண்ணெய் இருந்த இடத்தில் களி இருக்கும். இருநூறு ரூபாய் எண்ணெயில் தீர வேண்டிய இழுவைப் பிரச்சினைக்குப் பம்பை இறக்கியவர்கள் ஏராளம். ஐப்பசி கார்த்திகை மழையில் டேங்கிலும் ஃபில்டர் அடியிலும் சேரும் தண்ணீரை வாரம் ஒரு தடவை திறந்துவிடுங்கள். எலிமெண்ட்டைத் துரு தின்பது அந்த இரண்டு மாதத்தில்தான்.

டர்போ, காமன் ரெயில்

டர்போ வைத்தால் காற்று கூடும், அதற்கேற்ற டீசலும் ஊற்றலாம் என்பது சரிதான். ஆனால் தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த எஞ்சினில் பிஸ்டன், கூலிங், பம்ப் எல்லாம் அதற்கென்றே செய்தவை. வெறும் டர்போவை மட்டும் பழைய எஞ்சினில் தொங்கவிடுவது ஹெட் கேஸ்கட்டோடு பந்தயம் கட்டுவது.

காமன் ரெயில் (ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்லும்போது தெளிக்கும் முறை) இஞ்செக்டரைப் பழைய ஹெட்டில் மாட்டித்தரச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன் அழுத்தம் 1,600 பார் வரிசை. ஹை பிரஷர் பம்ப், ரெயில், ஈ.சி.யூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), சென்சார், வயரிங் எல்லாம் சேர்ந்த ஒரே குடும்பம் அது. ஆகவே தனி இஞ்செக்டர் மாற்றம் என்று ஒன்று கிடையாது, எஞ்சினையே மாற்றுவதுதான் வழி. அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் எஞ்சின் எண் மாற வேண்டும். டீசலில் துளித் தண்ணீர் இருந்தாலும் காமன் ரெயில் இஞ்செக்டர் தாங்காது. அந்தப் பணத்துக்கு ஓடின புது மாடல் வண்டி ஒன்றைப் பார்ப்பது மேல்.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

லாரியில் கார்புரேட்டர் என்பது இங்கே ஏறக்குறைய முடிந்த கதை. மிச்சம் இருப்பது தோட்டத்து வேலைக்கு நிற்கும் பழைய பெட்ரோல் ஜீப்கள். அவற்றுக்கு த்ராட்டில் பாடி இஞ்செக்ஷன் கிட் (கார்புரேட்டர் இருந்த இடத்தில் மின்சாரத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் கிட்) போடுவதா, கார்புரேட்டரையே புதுப்பிப்பதா? கிட்டுக்கு ஏற்ற மின்சாரம், எலெக்ட்ரிக் பம்ப், டேங்குக்குத் திரும்பும் லைன், சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் எல்லாம் வேண்டும். ஆறு வோல்ட் வண்டியாக இருந்தால் வயரிங் முழுக்கப் பன்னிரண்டுக்கு மாற வேண்டும். நீடில் வால்வு, டயஃப்ரம், கேஸ்கட் அடங்கிய கிட் போட்டு, மிதவை மட்டத்தைச் சரிசெய்த சோலெக்ஸ் கார்புரேட்டரே தோட்டத்துக்குப் போதும்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு இரண்டு மாற்றம் செய்யுங்கள். ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கட்டும். இந்தப் பெட்ரோலுக்கு எரிபொருள் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக வேண்டும். ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) விட்டத்தில் அது 4 சதவீதம். சோலெக்ஸ் ஜெட் எண் மில்லிமீட்டரின் நூறில் பங்கு என்பதால் 125 இருந்த இடத்தில் 130. இதற்கு 130 ஜெட்டையே வாங்கிப் போடுங்கள். பழைய ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தால், அது இப்போது எந்த எண் என்று அடுத்து கழற்றுகிறவருக்குத் தெரிய வழியில்லை.