கல்லா, கிளிஞ்சலா, முட்டை ஓடா: முட்டைக்கோழிக்கு எந்தக் கால்சியம்?

சுண்ணாம்புக்கல் தூள், அதே கல்லை உடைத்துச் சலித்த ஸ்டோன் கிரிட், கிளிஞ்சலை நொறுக்கிய ஷெல் கிரிட், வீட்டில் மிஞ்சும் முட்டை ஓடு. நான்குமே அடிப்படையில் கால்சியம் கார்பனேட்தான். சரக்கு சுத்தமாக இருந்தால் எதை எடுத்தாலும் 37 முதல் 39 சதவீதம் கால்சியம் கிடைக்கும். பிறகு எதற்கு ஒன்றுக்குக் குறைவாகவும் இன்னொன்றுக்குக் கூடுதலாகவும் காசு கொடுக்க வேண்டும்? வேளச்சேரி மாடியில் பத்து நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கும், செங்குன்றம் தாண்டி ஆயிரம் லேயர் (பண்ணை முட்டைக்கோழி) வைத்திருப்பவருக்கும் இதற்கு ஒரே பதில் பொருந்தாது. ஆனால் இருவரும் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: துகளின் பருமன், அதில் கலந்திருக்கும் மண். கடலில் விளைந்ததா, மலையில் வெட்டியதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பருமன் ஏன் முக்கியம்?

கோழி முட்டையிட்ட அரை மணி நேரத்துக்குள் அடுத்த மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபடுகிறது. வெள்ளைக்கருவும் சவ்வும் சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். அதன் பின் ஏறக்குறைய 20 மணி நேரம் முட்டை ஓட்டுச் சுரப்பியிலேயே தங்குகிறது. ஓடு வேகமாகப் படிவது பெரும்பாலும் இரவில், அதாவது கோழி இரை எடுக்காமல் தூங்கும் நேரத்தில். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. படிவு உச்சத்தில் இருக்கும்போது மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இரத்தத்திலிருந்து இறங்குகிறது. ஆனால் எந்த நேரத்திலும் கோழியின் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கால்சியம் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. குடலிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தால்தான் ஈடுகொடுக்க முடியும்.

மாவு போன்ற தூள் சீக்கிரம் கரைந்து, சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். பகலில் தேவைக்கு மேல் போன கால்சியம் எச்சத்தோடு வெளியேறும், நள்ளிரவில் கையிருப்பு இருக்காது. 2 முதல் 4 மி.மீ. துகள் அப்படிப் போவதில்லை. அரைவைப்பையில் தங்கி, அமிலத்தில் ஊறி, விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. குடலில் வரத்து நின்றால் கோழி தன் எலும்பை உருக்கும். பெட்டைக்கோழியின் தொடை, கால் எலும்புகளுக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு எலும்பு, முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே உருவாகத் தொடங்குகிறது. அதைத் தினமும் சுரண்டினால் முதலில் ஓடு மெலியும், பிறகு கூண்டுக்கோழி கால் தளர்ந்து எழ முடியாமல் உட்கார்ந்துவிடும். எலும்பு கரையும்போது பாஸ்பரஸும் வெளியேறுவதால் வெறும் சுண்ணாம்பைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட், கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தீவன உப்பு) அளவையும் பார்க்க வேண்டும்.

தூளும் ஸ்டோன் கிரிட்டும்

பண்ணைக்கு எங்கள் தேர்வு இந்த ஜோடி. தூள் மட்டும் போட்டால் தீவனம் புழுதியாகிக் கோழி முகம் திருப்பும். கிரிட் மட்டும் போட்டால் தீவனத்தொட்டியின் அடியில் போய்த் தங்கும், மேலே கொத்துகிற கோழிக்குப் பங்கு கிடைக்காது. முட்டையிடத் தொடங்கிய இளங்கோழிக்குப் பாதிக்குப் பாதி போதும். 40, 50 வாரம் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு கிரிட்டாக இருக்கட்டும். வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது, ஓட்டுக்குப் போகும் கால்சியமோ அதே அளவில் கூடுவதில்லை.

கணக்கு இதோ. 100 கிலோ தீவனத்தில் தூள் 3 கிலோ, கிரிட் 6 கிலோ, டிசிபி 1 கிலோ சேர்த்தால் கால்சியம் சுமார் 3.65 சதவீதம் வரும். கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால் 4 கிராம் உள்ளே போகிறது. அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் உடலில் ஒட்டும், ஒரு முட்டைக்கு அது சரியாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அதே கோழி 95 கிராமோடு நிறுத்திக்கொள்ளும். அப்போது கிடைப்பது 3.5 கிராம்தான். 100 கிலோவுக்கு இன்னும் ஒன்றரை கிலோ கிரிட் சேர்த்தால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

கல்லில் உள்ள ஆபத்து டோலமைட். வெள்ளையாக, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மக்னீசியம் நிறைந்தது. எச்சம் நீர்த்துப்போகும், ஓடும் மெலியும். நன்றாகத் தூளாக்கிய 5 கிராம் சரக்கை 300 மில்லி வெள்ளை வினிகரில் போட்டு, அவ்வப்போது கலக்கி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். நல்ல சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கிக் கரைந்துவிடும். மந்தமாகக் குமிழ் விட்டு அடியில் கெட்டியாகத் தங்கினால் அது மணலாகவோ டோலமைட்டாகவோ இருக்கலாம். இரண்டுமே நமக்கு வேண்டாம். கருங்கல் சில்லை ‘கிரிட்’ என்று வாங்கிப் போடுபவர்களும் உண்டு. அது முழுத் தானியத்தை அரைக்க உதவும், கால்சியம் தராது.

ஷெல் கிரிட்

பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய ஊர்ப்பக்கம் இது. அதனாலோ என்னவோ, கிளிஞ்சல் என்றாலே உசத்தி என்ற எண்ணம் இங்கே அழுத்தமாக இருக்கிறது. ஒரே பருமனுள்ள, ஒரே வேகத்தில் கரைகிற கல்லோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் ஓட்டின் தரத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கிளிஞ்சல் மெதுவாகக் கரையும் என்பது உண்மைதான், ஆனால் கல்லையும் 3 மி.மீ. அளவில் வாங்கினால் அந்தக் குணம் கிடைத்துவிடும். பண்ணைக்காரர் கூடுதல் விலை கொடுக்க இதில் காரணம் இல்லை.

மாடிக்கோழிக்கு ஷெல் கிரிட் வசதி. கால் கிலோ, அரைக் கிலோ போதும், தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். பட்டினப்பாக்கம் மணலில் பொறுக்கியதாக இருந்தால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, காயவைத்து, நொறுக்கிச் சலிக்க வேண்டும். கூரான நீளச் சில்லுகளைத் தூக்கிப் போடுங்கள்.

முட்டை ஓடு

இலவசம், தரமும் குறைவில்லை. ஆனால் அளவு பற்றாது. ஒரு முட்டையின் ஓட்டில் இருப்பது 2 கிராம், கோழிக்குத் தேவை 4 கிராம். அதாவது சொந்தக் கோழியின் ஓடு முழுவதையும் திருப்பிப் போட்டாலும் பாதிதான் ஈடாகும். தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் தினம் ஒரு பை ஓடு வாங்க முடிகிறவருக்குக் கணக்கு மாறும். பச்சை ஓட்டில் சால்மொனெல்லா இருக்கலாம், பத்து நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் காயவைப்பது கட்டாயம். 2 முதல் 4 மி.மீ. சில்லாக நொறுக்குங்கள். மிக்ஸியில் மாவாக அரைத்தால் தூளுக்குச் சொன்ன குறை இதற்கும் வந்துவிடும். பாதி ஓடாகவே போட்டால் கோழி முட்டையைக் கொத்தப் பழகும்.

எங்கே வைப்பது, யாருக்குக் கூடாது

நாட்டுக்கோழி தொடர்ந்து இடாது. ஒரு ஈடு இட்டதும் அடைக்கு உட்காரும். அப்போது கால்சியம் தேவை விழுந்துவிடும். அதனால் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில், மாலை மூன்று நான்கு மணிக்கு வைப்பது நல்லது. கால்சியம் நாட்டம் அந்த நேரத்தில்தான் கூடுதல். குஞ்சும் சேவலும் ஒரே கூட்டில் இருந்தால் இந்த முறையைத் தவிர வேறு வழியில்லை. வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும். லேயர் தீவனத்தைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெட்டு யூரேட் (யூரிக் அமில உப்பு) படியும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தெளிந்த சுண்ணாம்புநீரின் பி.எச். 12-ஐத் தாண்டும், தொண்டையைப் புண்ணாக்கும்.

எதை மாற்றியும் தோல்முட்டை (கெட்டி ஓடில்லாத முட்டை) நிற்கவில்லையா? மே மாத வெக்கையில் வாய் பிளந்து இரைக்கும் கோழி கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது, ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட்டும் குறைகிறது. அப்போது நிழலும், குளிர்ந்த தண்ணீரும், விடியற்காலையில் இரையும்தான் கைகொடுக்கும். கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவே ஓட்டைக் கெடுக்கும். அங்கே கிரிட் மாற்றும் முன் மெட்ரோ தண்ணீருக்கு மாறுங்கள். மாறிய பிறகும் பலன் உடனே தெரியாமல் போகலாம், உப்புத் தண்ணீரின் பாதிப்பு சில வாரம் இழுக்கும்.