ஓவியர் செஞ்ச எனாமல் நகை, நாலஞ்சு வருஷம் போட்டதுக்கு அப்புறம்

கேன்வாஸ்ல பெயிண்டிங் பண்ணிட்டு இருந்த ஒரு அக்கா நகை பக்கம் வந்தாங்க, அவங்ககிட்ட வாங்கினதைத் தான் நாலஞ்சு வருஷமா ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் மாத்தி மாத்திப் போடுறேன். எனாமல் பதக்கம், தோடு, ஒரு ரெசின் பதக்கம் (எபாக்சிங்கிற பிசினை ஊத்தி இறுக வச்சது), பித்தளைக் கம்பியில ஒரு கழுத்தணி. வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதான் எழுதறேன்.

எனாமல்னா பெயிண்ட் இல்லங்க, கண்ணாடித் தூள். செம்புத் தகட்டுல தூவி கிட்டத்தட்ட 800 டிகிரி சூளையில கொஞ்ச நிமிஷம் வச்சா உருகி தகட்டோடயே ஒட்டிக்கும், ஆறினதும் அடுத்த கலர், மறுபடி சூளை, இப்படியே போகும். சூளைக்குள்ள போற தூளோட நிறம் வேற, வெளிய வர்ற நிறம் வேற, அதை முன்கூட்டியே மனசுல பாக்கத் தெரியணும், அங்க தான் ஓவியரோட கண்ணு தெரியுது. என் பதக்கத்துல மழைக்கு முன்னாடி நம்ம சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடல் மேல வர்ற ஒரு சாம்பல் பச்சை இருக்கு, இன்னி வரைக்கும் அது துளி கூட மங்கல. பிரான்ஸோட ஜார்ஜ் பிராக் மாதிரி பெரிய ஓவியரே கடைசிக் காலத்துல நகை டிசைன் பண்ணினார், 1963ல பாரிஸ்ல கண்காட்சியே வச்சாங்க, ஆனா அவர் வரைஞ்சு குடுத்ததைச் செஞ்சது வேற ஆளுங்க. இந்த அக்கா சூளை வரைக்கும் தானே பாக்குறாங்க, எனக்கு அது பெரிய விஷயம்.

யார்கிட்ட எனாமல் வாங்கினாலும் திருப்பிப் பாருங்க, பின்னாடியும் பூசியிருந்தா நல்லது. செம்பும் கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவு சுருங்காது, ஒரு பக்கம் மட்டும் பூசினா வளைஞ்சு விரிசல் விட வாய்ப்பு அதிகம். கீழ விழுந்தாலும் தெறிக்கும். என் தோடு ஒண்ணு டைல்ஸ்ல விழுந்து ஓரம் போச்சு, அக்கா கொக்கியைக் கழட்டிட்டு தூள் வச்சு மறுபடி சுட்டுக் குடுத்தாங்க, எந்த இடம்னே தெரியல.

ரெசின் அந்தளவு தாங்கல. வெயில் பட பட எபாக்சி மஞ்சளாகும், என்னோடதுல வெள்ளையா இருந்த இடம் இப்ப பழுப்பு. பித்தளையும் நம்ம ஊர் ஈரப்பதத்துல (வருஷ சராசரியே 80 சதவீதத்துக்கு மேல) சீக்கிரம் கறுக்குது, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேச்சா பளிச்னு வந்துரும். அதே புளி, எலுமிச்சையை எனாமல் மேல மட்டும் விட்டுராதீங்க, புளிப்பு பளபளப்பை எடுத்துரும். தோட்டுக் கொக்கி 925 வெள்ளி (92.5 சதவீதம் வெள்ளி), ஜிப்லாக் பையில காத்து இல்லாம போட்டு வச்சா கறுக்குறது நல்லாவே குறையுது.

எங்கம்மா முதல் கேள்வியே எத்தனை கிராம்னு தான். சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில 916 தங்கம் வாங்குற கணக்கு இதுக்கு ஒத்து வராது, வித்தா காசு வராது, அடகுக்கடையில எடுக்க மாட்டாங்க. நான் காசு குடுத்தது அந்த நிறத்துக்கும் கைக்கும் தான், எனக்கு அது முழுசா திருப்தி. இப்பல்லாம் அம்மாவே கோயிலுக்குப் போறப்ப என் தோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிறாங்க.

புதுசா வாங்குறவங்க தோடுல ஆரம்பிங்க, எடையே தெரியாது. தீபாவளிக்கு வேணும்னா ரொம்ப முன்னாடியே சொல்லி வைங்க, சூளை சின்னது, ஒவ்வொண்ணா தான் உள்ள போகும்.