கோயில் மேடைக்கு எந்த கேமரா, எந்த பிலிம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவில் மேடை வெளிச்சம் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே இரண்டு குழல் விளக்கு, ஓரத்தில் நொடிக்கொரு நிறம் மாறும் எல்.இ.டி., பின்னால் செம்பனைக் காட்டு இருட்டு. ஃபிளாஷ் அடித்தால் பாடுபவர் முகம் வெளிறிப்போகும், உறுமிக்காரர்களும் முறைப்பார்கள். ஆகவே ஃபிளாஷ் இல்லாத கணக்கு மட்டும் பார்ப்போம்.

பழைய கேமரா தேடுகிறவர்களிடம் மூன்று பெயர்கள் அடிபடும்: பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, கேனனெட் கியூஎல்17 ஜி-III.

1976-இல் வந்த கே1000 முரட்டுக் கேமரா. கற்றுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. ஆனால் வெளிச்சம் அளக்கும் அதன் மீட்டர் ஒரு முள். இருட்டில் அந்த முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. 1982-இல் வந்த எஃப்எம்2-வில் அந்த முள்ளுக்குப் பதில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று சிவப்பாக எரியும்; கண்ணை எடுக்காமலே சரிசெய்யலாம். மேடைக்கு இந்த ஒரு காரணமே போதும். இரண்டுக்கும் பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும்.

கேனனெட் வேறு ஜாதி. உள்ளே கண்ணாடி எழும்பி விழாததால் ‘க்ளிக்’ பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மண்டபத்தில் கர்நாடகக் கச்சேரி, ஆலாபனை நடக்கும்போது இதுதான் மரியாதை. 40 மி.மீ. f/1.7 லென்ஸ் (f எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்), மாற்ற முடியாது; முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். பிலிம் வேகத்தை, அதாவது பிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கும் என்ற எண்ணை, 800-க்கு மேல் வைக்கவும் முடியாது. எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலுக்கு மாற்றினால் மீட்டர் தூங்கிவிடும், அப்புறம் மனக்கணக்குதான்.

என் கை எஃப்எம்2 பக்கமே போகும், அதிலும் 50 மி.மீ. f/1.4 லென்ஸோடு. f/2 லென்ஸில் ஷட்டர் 1/60 நொடி என்றால் இதில் 1/125 கிடைக்கும். உறுமிக் குச்சி கோடாக இழுபடுவதும் ஓரளவு உருவமாக நிற்பதும் அந்த வித்தியாசத்தில்தான். இதற்கு விலையும் உண்டு: 2 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. மட்டுமே. மைக்கில் ஃபோகஸ் வைத்தால் கண் மங்கிவிடலாம்.

பிலிமுக்கு வருவோம். வண்ணத்தில் சினிஸ்டில் 800டி பலருக்குப் பிடிக்கும். விளக்கைச் சுற்றி சிவப்பு ஒளிவட்டம் தரும். ஆனால் அது டங்ஸ்டன் (பழைய மஞ்சள் பல்பு) வெளிச்சத்துக்குச் செய்தது. நம் மேடை எல்.இ.டி.-யின் ஊதாவில் எந்த வண்ண பிலிமானாலும் பாடகர் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடுவார். கறுப்பு வெள்ளையே நிம்மதி.

அதில் போட்டி இல்ஃபோர்டு கம்பெனி வீட்டுக்குள்ளேயே, டெல்டா 3200-க்கும் எச்பி5 பிளஸுக்கும். டெல்டா 3200-இன் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அதன் உண்மையான வேகம் சுமார் 1000. மீதியெல்லாம் கூடுதலாகக் கழுவி வரவழைப்பது. விலையும் அதிகம், படத்தில் தெரியும் துகளும் பெரிது. 400 வேகமுள்ள எச்பி5 பிளஸை 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்பக் கழுவினால் பெரும்பாலான கச்சேரிக்குப் போதும். ஐடி-11 என்ற டெவலப்பர் கரைசலை மேலும் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால், 20 டிகிரியில் 14 நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 20-க்கு வராது, ஐஸ் வாங்கி வையுங்கள்.

எச்பி5-ஐ இப்படி வேகம் கூட்டித் தள்ளும்போது நிழல் பகுதி கறுத்துவிடும் என்பதுதான் குறை. நம் ஆட்களின் மாநிறமும் கறுத்த தலைமுடியும் பின்திரையோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வேட்டியைப் பார்த்து மீட்டர் ஏமாந்தால் முகம் இன்னும் கறுக்கும். மைக் சரிபார்க்கும் நேரத்தில் விளக்குகள் எரிந்தால் மேடையேறி முகத்தருகே மீட்டர் பார்த்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு இரண்டில் ஒன்று அணைந்து உறுமி ஆட்டம் தொடங்கினால் மட்டும் டெல்டாவை எடுக்கலாம்.

லென்ஸ் பழையதாக வாங்கினால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்த லென்ஸ் ஏராளம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஓடியிருக்கும்.