வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் முன்

கும்பகோணத்தில் எங்கள் வீடு அப்பா 1978-இல் கட்டியது. பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தே பழகிய சுவர். ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது வாசல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் 42,000 ரூபாய் பாழாகிவிட்டது.

தெரிந்தவர் மூலம் வந்த மேஸ்திரி, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 24 ரூபாய் கேட்டார். முகப்பும் சுற்றுச்சுவரும் சேர்த்து 1,750 சதுர அடி. "வெளிச்சுவர் எமல்ஷன் பெயிண்ட்தான் அக்கா, ஏழு வருடத்துக்குக் கை வைக்க வேண்டாம்" என்றார். நான்கே நாளில் வேலை முடிந்தது. விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மனநிறைவோடு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை. விடிந்து பார்த்தால் வாசற்படியில் வெள்ளையாக நீர் ஓடிக்கொண்டிருந்தது. கோலமாவு கரைகிறது என்று நினைத்தேன். மழையால் அன்று கோலமே போடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சுவரைத் தடவினேன், கை முழுக்க மாவு. ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் அப்பளம் போல உப்பியிருந்தது. நகம் பட்டதும் உள்ளங்கை அகலத்துக்கு ஏடாகப் பெயர்ந்து வந்தது. திருப்பிப் பார்த்தால், அதன் முதுகில் பழைய சுண்ணாம்பின் வெளிர்நீலம் அப்படியே ஒட்டியிருந்தது.

அந்த ஏட்டை ஒரு தாளில் மடித்துப் பெயிண்ட் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். சுண்ணாம்புச் சுவரைத் தகடு வைத்துச் சுரண்டி, கழுவிக் காயவிட்டு, பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன் அடிக்க வேண்டுமாம். இல்லையென்றால் பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, உதிரும் சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் துடைப்பத்தால் தட்டியதோடு சரி.

எத்தனை வாளி வந்தது என்று அடுத்துக் கேட்டார். 20 லிட்டர் வாளி ஒன்று என்றேன். இரண்டு கோட் அடித்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 50 சதுர அடிதான் வரும், உங்கள் சுவருக்கு 35 லிட்டராவது வேண்டுமே என்றார். அந்த ஒரு வாளியும் மூடி திறந்தே வந்தது. கடை மெஷினில் கலர் கலந்தால் ஒட்டும் ஷேடு சீட்டு அதில் இல்லை. உள்ளே இருந்தது எமல்ஷனா, உள்சுவருக்கு அடிக்கும் மலிவான டிஸ்டெம்பரா என்று இனி யார் சொல்வது? பில்லும் என் கையில் இல்லை. மேஸ்திரி முதலில் வருகிறேன் என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை.

வேலை கொடுக்கிறவர்கள் தயவுசெய்து பெயிண்டை நீங்களே கடையில் வாங்குங்கள். கூலியை மட்டும் பேசுங்கள். சுரண்டி முடித்த சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் பிரைமர் வாளியைத் திறக்க விடாதீர்கள். கடைசிப் பங்குக் கூலியை ஒரு மழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல பெயிண்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மகளுக்குத் தையில் கல்யாணம். மார்கழிப் பனி விலகிச் சுவர் நன்றாகக் காய்ந்தால்தான் மறுபடி கை வைக்க முடியும் என்கிறார் கடைக்காரர். அதுவரை திட்டுத் திட்டாக நீலம் தெரியும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் வாசல் தெளிக்கிறேன்.