பேட்டரி டவுன், கழலாத வீல் நட்: பல வருடமாகக் கையில் இருக்கும் கருவிகளைப் பற்றி

என் கார் டிக்கியில் ஒரு கான்வாஸ் பை எப்போதும் இருக்கும். வோல்டேஜும் கரண்டும் அளக்கும் மல்டிமீட்டர், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க ஒரு ஜோடி ஜம்ப் கேபிள், இறுகிய நட்டைக் கழற்றும் நீளத் தடியான அரை இஞ்ச் பிரேக்கர் பார், அதற்கேற்ற சாக்கெட், கம்பி பிரஷ், கையுறை. வீட்டு அலமாரியில் பேட்டரி செத்த வண்டியைக் கிளப்பும் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர், ஒரு சார்ஜர், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஒரு டார்க் ரென்ச். எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. ஒவ்வொரு தொல்லைக்குப் பிறகும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. வருடக்கணக்கில் புழங்கிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இது: வண்டி நின்ற பிறகு கைகொடுக்கும் சாமான்களைவிட, நிற்பதற்கு முன்பே அளந்து சொல்லும் சாமான்கள்தான் அதிகம் உதவியிருக்கின்றன. மல்டிமீட்டரும் டார்க் ரென்ச்சும் வந்த பிறகு மற்றவற்றைத் தொடும் தேவையே வெகுவாகக் குறைந்துவிட்டது.

சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்து டாஷ்போர்டு விளக்குகள் மங்கினால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஸ்டார்ட்டருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்சான சோலினாய்டை இழுக்கிற அளவுக்குக் கரண்ட் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுகிற அளவுக்கு இல்லை. இழுத்த கணமே வோல்டேஜ் சரிந்து சோலினாய்டு விட்டுவிடுகிறது, பிறகு மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், சந்தேகம் ஸ்டார்ட்டர் மேலோ டெர்மினல் இணைப்பின் மேலோ போக வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், புது பேட்டரி வாங்கக் கிளம்புவதற்கு முன் சோடா உப்பு கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிளாம்ப்பை இறுக்கிப் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருப்பதற்கான வரிசை அது.

மல்டிமீட்டருக்கு வருகிறேன். விலை உயர்ந்தது தேவையே இல்லை. டிசி வோல்ட்டை இரண்டு தசமம் வரை காட்டினால் போதும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலையில், டெர்மினலில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12.0க்குக் கீழே போனால் கால்வாசிக்கும் குறைவு. ஒரு வோல்ட் கூட வித்தியாசமில்லாத இந்த இடைவெளியில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது, அதனால்தான் தசமம் முக்கியம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்பதால், அங்கே ஒரே அளவீட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இன்னொரு நல்ல சோதனை: வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மீட்டரைக் கவனிப்பது. அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜ் காட்டுகிற பேட்டரியும் உள்ளுக்குள் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

மாதத்தில் ஒரு தடவை இப்படிப் பார்த்து எழுதி வைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்புதான் ஒரு பெரிய மர்மத்தை அவிழ்த்தது. வண்டி நான்கைந்து நாள் சும்மா நின்றாலே வோல்டேஜ் வேகமாக இறங்கியது. நிறுத்தியிருக்கும் காரும் கடிகாரம், அலாரம், சாவி ரிசீவர் ஆகியவற்றுக்காகக் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 36. சிறிய காரின் பேட்டரி மொத்தமே 35, 40 ஆம்பியர்-மணிதான் என்பதை நினைத்தால், ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்ததும் வண்டி ஏன் எழுந்திருக்க மறுக்கிறது என்பது புரியும். மைனஸ் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சொருகி, கதவுகளை மூடி, எல்லா எலக்ட்ரானிக்ஸும் தூங்கும்வரை அரை மணி நேரம் காத்திருந்து அளந்தேன். டேஷ்கேமின் பார்க்கிங் மோடு மட்டும் கால் ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. அதாவது ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. அதை நிறுத்தியதோடு தொல்லை தீர்ந்தது. இந்தச் சோதனையின்போது தவறியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஜம்ப் ஸ்டார்ட்டர். லித்தியம் பேட்டரி வைத்த கையடக்கப் பெட்டி. நன்றாக உழைத்திருக்கிறது, ஆனால் மேலே அச்சிட்டிருக்கும் 'பீக் ஆம்பியர்' எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. அது ஒரு நொடியின் சிறு பகுதியில் தொடும் உச்சம் மட்டுமே. கேபிள் தடிமனாக இருக்கிறதா, கிளாம்ப்பின் இரண்டு தாடையும் செம்பா, உங்கள் என்ஜின் அளவுக்கு ஏற்றதா என்பவைதான் முக்கியம். வாங்குபவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பேட்டரி ஒரேயடியாகச் செத்து சில வோல்ட்டே மிச்சமிருந்தால், கிளாம்ப்பில் இருக்கும் பாதுகாப்புச் சுற்று 'இங்கே பேட்டரியே இல்லை' என்று எடுத்துக்கொண்டு கரண்ட் விடாது. அதற்குத்தான் பூஸ்ட் பட்டன். அதை அழுத்தினால், பல மாடல்களில் பிளஸ் மைனஸ் மாறினால் தடுக்கும் காவலும் சேர்ந்து விலகிவிடும். ஆகவே அழுத்துவதற்கு முன் சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று டார்ச் அடித்து மறுபடி பார்ப்பேன். ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிப்பதில்லை. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விடுவேன்.

அதை ஏன் காரில் வைப்பதில்லை என்று கேட்பார்கள். வெயிலில் மூடி நிற்கும் காரின் உள்வெப்பம் லித்தியம் செல்லுக்கு எதிரி. வீட்டில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்றி, நீண்ட பயணத்துக்கு மட்டும் எடுத்துப் போகிறேன். டிக்கியில் நிரந்தரமாகக் கிடப்பது ஜம்ப் கேபிள். அதற்கு வெயிலும் தெரியாது, சார்ஜும் தேவையில்லை. ஆனால் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிளாக இருக்க வேண்டும். பார்க்கத் தடிமனாக இருந்து, ரப்பர் உறைக்குள் மெல்லிய அலுமினியக் கம்பி ஓடும் கேபிள்கள் நிறைய விற்கின்றன. அவை சூடாகுமே தவிர என்ஜினைச் சுற்றாது.

கேபிள் மாட்டும் வரிசையைப் பலர் தெரிந்து வைத்திருக்கிறார்கள், கடைசிப் படியில்தான் வழுக்குகிறார்கள். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் மறுமுனை செத்த பேட்டரியின் மைனஸில் அல்ல, அந்தக் காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி வரும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. வீங்கிய, விரிசல் விட்ட பேட்டரிக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

வண்டி கிளம்பிவிட்டது, அரை மணி நேரம் ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்று சொல்வார்கள். ஏறாது. செத்துப்போன பேட்டரி நிரம்பப் பல மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி மெதுவாகத்தான் உள்ளே போகும். சார்ஜ் இல்லாமலே விட்டால் தகடுகளில் லெட் சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பேட்டரி தன் கொள்ளளவை நிரந்தரமாக இழக்கும். அதனால் ஜம்ப் ஸ்டார்ட்டரைவிட நான் அதிகம் மதிப்பது 4 ஆம்பியர் தானியங்கி சார்ஜரை. இரவில் மாட்டினால் காலையில் முழுதாகியிருக்கும். நிரம்பியதும் தானே குறைந்த வோல்டேஜுக்கு மாறிக்கொள்ளும். வண்டி நின்றதும் என்ஜினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரி இருக்கும். சார்ஜரில் அதற்குரிய நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது.

இனி வீல் நட். பேட்டரியில் பிரச்சினை என்றால் வண்டி பெரும்பாலும் வீட்டிலோ பார்க்கிங்கிலோ நிற்கும். நட் கழலாத பிரச்சினையோ சாலையோரத்தில், பங்க்சரான டயரோடு, இருட்டும் நேரத்தில்தான் தெரிய வரும். எனக்கும் அப்படித்தான். ஒரு டயர் கடையில் ஏர் கன் வைத்து, 'ட்ர்ர்ர்' என்று நிற்காமல் இறுக்கி அனுப்பியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த எல் வடிவ ஸ்பேனரில் ஏறி நின்றும் நட் அசையவில்லை.

கணக்கு எளிது. முறுக்கு விசை என்பது கொடுக்கும் விசையை நீளத்தால் பெருக்கியது. பல சிறிய கார்களின் நட்டுக்குத் தேவை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு. சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 50 கிலோ எடையைப் போட்டால் கிடைப்பது சுமார் 125. சரியாக இறுக்கிய நட்டை அது கழற்றிவிடும். ஏர் கன்னால் 200, 250க்கு ஏற்றிய நட்டில் துரு சேர்ந்துவிட்டால் அதன் முன் எடுபடாது. அதே 50 கிலோவை 60 சென்டிமீட்டர் பிரேக்கர் பாரில் போட்டால் 300 கிடைக்கிறது. பையில் இருக்கும் சாமான்களிலேயே எளிமையானது இந்த இரும்புத் தடி, ஏமாற்றாததும் இதுவே. ஏறி நிற்கவே தேவையில்லை. தடியைக் கிடையாக வைத்து, உடல் எடையைச் சீராகக் கீழ்நோக்கிக் கொடுத்தால் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். ஏறிக் குதிப்பது ஆபத்து. ஸ்பேனர் நழுவினால் நட்டின் மூலை மழுங்கும், முழங்காலும் அடிபடும்.

சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் நுனியை மட்டும் பிடிக்கும், இறுகியிருக்கும் நட்டைச் சிதைத்துவிடும். 17, 19, 21 மில்லிமீட்டர் அளவுகள்தான் அதிகம். உங்கள் வண்டிக்கு எது என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில கார்களின் நட் மேல் பளபளப்பான மெல்லிய தகட்டு மூடி அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். உள்ளே துரு பிடித்து மூடி உப்பினால், 19 சாக்கெட் 19 நட்டில் ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றலாம், கழற்றவும் கழற்றலாம், ஆனால் பிறகு நட்டைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்குவது தனி வேலை. அப்படி உப்ப ஆரம்பித்ததும் முழு இரும்பால் ஆன ஒரே துண்டு நட்டுகளாக மாற்றிவிட்டேன். மழுங்கிய நட்டுக்கு உள்ளே சுருள் பல் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கிடைக்கிறது. அது கடித்து இழுக்கும், கழன்ற நட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

துரு பிடித்த நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் அடித்து, கால் மணி நேரமாவது விட்டு, நட்டின் தலையில் நாலு தட்டுத் தட்டினால் பலன் தெரியும். அடித்த உடனே முறுக்குவதில் பயனில்லை. வீல் பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் படாமல் துணி வையுங்கள். தீ வைத்துச் சூடாக்கும் யோசனையைச் சாலையோரத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டயரும் பேரிங்கும் அருகிலேயே இருக்கின்றன.

நட்டைத் தளர்த்துவது எப்போதும் வீல் தரையில் இருக்கும்போது. அரைச் சுற்று விட்டுக்கொடுத்த பிறகுதான் ஜாக்கி. ஜாக்கி மேல் நிற்கும் காரில் பிரேக்கர் பாரை அழுத்தினால் வண்டி சரியும். எல்லா நட்டும் கழன்றும் வீல் வராமல், அதைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அனுபவமும் உண்டு. அலாய் வீலின் அலுமினியமும் ஹப்பின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு ஏற்பட்டுப் பிடித்துக்கொள்ளும். நட்டுகளைக் கையால் சில சுற்று திரும்ப மாட்டி, வண்டியை இறக்கி, எடை ஏறியதும் தானே விடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் குதிகாலால் மாறி மாறி உதைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் கை கால் எதுவும் போகக் கூடாது. வீல் வந்ததும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நடு வளையத்தில், ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையை மெல்லிதாகத் தடவினால் அடுத்த தடவை சுலபம்.

அந்தப் பசை நட்டின் மரையில் படக் கூடாது. 'அடுத்த முறை சுலபமாகக் கழலட்டும்' என்று மரைக்கு கிரீஸ் போடும் பழக்கம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான், ஆனால் கெடுதல். நட்டை இறுக்கும் விசையில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. வீலை இழுத்துப் பிடிப்பது மிச்சமிருக்கும் ஒரு பங்கு. கிரீஸ் உராய்வைக் குறைத்துவிட்டால், டார்க் ரென்ச் அதே 100 காட்டும்போது போல்ட் மிக அதிகமாக நீட்டப்பட்டிருக்கும். கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை மரை சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும்.

டார்க் ரென்ச் எனக்குப் பிடித்த கருவி. டயர் மாற்றி வந்த அன்றே வீட்டில் எல்லா நட்டையும் தளர்த்தி, நட்சத்திர வரிசையில் (ஒரு நட்டுக்கு அடுத்து எதிர்ப்பக்கத்து நட் என்று), கையேட்டின் அளவுக்கு இறுக்கிவிடுவேன். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு சோதனை. இந்தப் பழக்கம் வந்த பிறகு கம்பெனி ஸ்பேனரே நட்டைக் கழற்றப் போதுமானதாக இருக்கிறது. 'கிளிக்' சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்கு இன்னொரு கிளிக் என்று இழுத்தால் அளவு மீறும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங் தளரும்படி அளவுகோலின் அடிமட்ட எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். இறுகிய நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள்.

திருட்டைத் தடுக்கும் லாக் நட் பற்றி மட்டும் என் மனம் மாறிவிட்டது. வீலுக்கு ஒன்றாக வரும் அந்த நட்டைக் கழற்ற அதற்கே உரிய சாவி வேண்டும். அது சர்வீஸ் முடிந்து திரும்பும்போது தொலைவதும், ஏர் கன்னில் மாட்டி அதன் பல் உடைவதும் சகஜம். நான் நான்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண நட் போட்டுக்கொண்டேன். வைத்திருக்க விரும்புபவர்கள், சாவியின் குறியீட்டு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஏர் கன் அதன் பக்கம் வராமல் கையாலேயே இறுக்கச் சொல்லுங்கள், கடையிலிருந்து கிளம்பும் முன் சாவி டிக்கிக்குத் திரும்பிவிட்டதா என்று திறந்து பாருங்கள்.