நீர்மூழ்கி மாடலை ரிமோட்டில் ஓட வைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் கிட்டைக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் பிளாஸ்டிக் கப்பல் மாடல் கட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரையும் குறிவைத்து ஒருவர் வீடியோ போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். அலமாரியில் வைக்கிற நீர்மூழ்கி மாடலை ரிமோட்டில் ஓடுகிற மாதிரி மாற்றித் தருவாராம், அது தண்ணீருக்குள் முங்கி எழும்புமாம். அவரிடம் எங்கள் வீட்டுப் பணம் போனது, மாடலும் போனது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன். அதே வேலையை அதே பேச்சோடு வேறு யார் செய்ய வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

மாடல் என் அக்கா மகனுடையது. ரெவல் கம்பெனியின் கிட் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டும்), நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு (1/72) அளவு டைப் 7-சி யு-போட், அதாவது ஜெர்மன் நீர்மூழ்கி. நிஜக் கப்பல் 67 மீட்டர் நீளம், மாடல் 93 சென்டிமீட்டர் வரும். கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தது. பையன் பிளஸ் டூ படிக்கிறான், நீர்மூழ்கி என்றால் உயிர். கோபுரம், பீரங்கி, கைப்பிடிக் கம்பிகள் எல்லாவற்றையும் கட்டிப் பெயின்ட் அடித்துவிட்டு, உடல் பகுதியை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்தான். ரிமோட்டுக்கு மாற்றுவதென்றால் ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பேசப் போன அன்று அவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த ஆள் சொன்ன ஒரே பதில், "அதெல்லாம் நான் பாத்துக்கிடுவேன் தம்பி, முழுசா வாட்டர்ப்ரூஃப் பண்ணித் தாரேன்." மொத்தம் 32,000 ரூபாய், முன்பணம் 20,000. முங்கும், எழும்பும், இடம் வலம் திரும்பும் என்று செல்போன் செய்தியிலேயே எழுதிக் கொடுத்தார்.

அந்த "முழுசா வாட்டர்ப்ரூஃப்" என்ற வார்த்தையிலேயே ஆளின் அறியாமை இருக்கிறது. நீர்மூழ்கியின் வெளி உடலை யாரும் அடைக்க மாட்டார்கள். நிஜத்திலும் அப்படித்தான். விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்குள் நடந்து பார்த்தவர்கள் ஆட்கள் இருந்த உருளைக்குள் நடந்திருப்பீர்கள். தண்ணீர் புகாத, அழுத்தம் தாங்குகிற உடல் அதுதான். அதைச் சுற்றியிருக்கும் வெளித் தகட்டுக்குள்ளும் மேல் தளத்துக்கு அடியிலும் தண்ணீர் தாராளமாக வந்து போகும். டைப் 7-சியின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் துளைகள் அதற்குத்தான்.

ரிமோட் மாடலிலும் அதே ஏற்பாடு. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் குழாயில் ஒரு உருளை, இரண்டு பக்கமும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்ட மூடி. மோட்டார், பேட்டரி, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், பாகங்களை அசைக்கும் சர்வோ எல்லாம் அதற்குள். நடுவில் ஒரு அறை பேலஸ்ட் டேங்க், தண்ணீரை உள்ளே எடுத்தால் முங்கும், வெளியே தள்ளினால் எழும்பும். உருளைக்கு வெளியே மாடலின் உடலுக்குள் தண்ணீர் நிறைய வேண்டும், எழும்பும்போது வடிய வேண்டும். மேல் பாதியைக் கழற்றி உருளையை வெளியே எடுக்கிற மாதிரி உடலைப் பிரித்து வைப்பார்கள். ஈயத்தை அடியிலும் மிதக்கிற ஃபோமை மேலேயும் வைத்தால்தான் தண்ணீரில் கவிழாமல் நிற்கும்.

சொன்ன தேதியெல்லாம் தாண்டி, பல தடவை கேட்ட பிறகு மாடல் கைக்கு வந்தது. மிச்சப் பணத்தை வாங்கிய பிறகே கொடுத்தார். அவர் செய்திருந்தது எல்லாம் நேர் எதிர். உடலின் இரண்டு பக்கமும் மேல் தளமும் எபாக்ஸி போட்டு நிரந்தரமாக ஒட்டப்பட்டிருந்தன. பக்கத் துளைகள் அத்தனையும் எம்-சீல் வைத்து அடைத்து, மேலே வேறு நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார். பையன் நுணுக்கமாகச் செய்த தளத்தில் சார்ஜ் வயருக்காக ஒரு ஓட்டை. இரண்டு ப்ரொப்பெல்லரில் ஒன்றுக்குத்தான் மோட்டார், மற்றதைப் பசை போட்டு அசையாமல் ஒட்டிவிட்டார். டைப் 7-சிக்கு இரண்டு ப்ரொப்பெல்லர் என்பது கிட் பெட்டியின் படத்திலேயே இருக்கிறது.

"தொட்டியில் ஓட்டிக் காட்டிட்டேனே" என்று ஒரு வீடியோ அனுப்பினார். குளிக்கிற தொட்டி மாதிரி ஒன்று, முழங்கால் ஆழம்கூட இல்லை. அதில் மாடல் தளம் நனைகிற அளவுக்கு இறங்கி ஏறியது. நாங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் விட்டோம். முதல் சில நிமிடம் மேலே ஓடியது, ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு. முங்க வைத்ததும் போனது போனதுதான். ரிமோட்டைத் திருப்பினாலும் அணைத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. நுரை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. "மாமா, மோட்டார் ஓடிட்டேதான் இருக்கு, சிக்னல் போகல்ல" என்று அவன் உடனே சொல்லிவிட்டான். ஊர்ப் பையன் ஒருவன் முங்கித் தேடி, சேற்றில் மூக்கு குத்தி நின்றதை எடுத்து வந்தான்.

வீட்டில் அறுத்துப் பார்த்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. அறுக்காமல் திறக்க வழியே இல்லை.

உள்ளே உருளை என்று எதுவும் இல்லை. சாப்பாட்டு டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி சிலிகான் சீலன்ட். திறந்ததும் வினிகர் நெடி. பாத்ரூம் ஓரங்களுக்குப் பூசுகிற அந்த வகை சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய டப்பாவுக்குள் அது செம்பை அரிக்கும். ரிசீவர் போர்டின் இணைப்புகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. எலக்ட்ரானிக் வேலைக்கு நியூட்ரல் வகை சிலிகான் தனியாக விற்கிறது. ப்ரொப்பெல்லரைச் சுற்றும் கம்பியான ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் சீல் கிடையாது, பித்தளைக் குழாயில் கிரீஸ் மட்டும். சின்னமுட்டத்தில் வள்ளம் பழுது பார்க்கிற எந்த ஃபைபர் வேலைக்காரரைக் கேட்டாலும், ஷாஃப்ட் வழியாகத்தான் முதலில் தண்ணீர் ஏறும் என்று சொல்வார்.

பேலஸ்ட் என்று அவர் வைத்திருந்தது 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று, அதைத் தள்ள ஒரு சர்வோ. இங்கே கணக்கைப் பாருங்கள். நிஜ டைப் 7-சி மேலே மிதக்கும்போது 769 டன், முங்கும்போது 871 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 72-ல் ஒரு பங்காவதால், இதை 72 x 72 x 72-ஆல் வகுத்தால் மாடலுக்கு 2 கிலோ 60 கிராம், 2 கிலோ 330 கிராம் என்று வரும். வித்தியாசம் ஏறக்குறைய 270 கிராம். தண்ணீர் ஓட வேண்டிய தளத்தையும் கோபுரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டால் இன்னும் அதிகம் வேண்டும். 50 மில்லியில் அது முங்கவே முங்காது. முங்க வைப்பதற்காக, கிட்டத்தட்ட முங்கிப்போன நிலைக்கு வரும்வரை உள்ளே ஈயத்தை நிரப்பியிருக்கிறார். அப்படியானால் எழும்பி நிற்க அதற்கு மிச்சமிருந்த பலம் ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் அளவுதான். டப்பாவுக்குள் அவ்வளவு கசிந்தாலே மாடல் திரும்பி வராது. கசிந்திருந்தது.

பேட்டரி லிப்போ (லித்தியம் பாலிமர்) வகை, தண்ணீரில் ஷார்ட் ஆகி ஊதியிருந்தது. இதில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஊதிய லிப்போ தீப்பிடிக்கக்கூடியது, அணைப்பது லேசுமில்லை. அதை ஒட்டி மூடிய பிளாஸ்டிக்குக்குள் வைத்து, ஒரு பையன் தன் அறையில் சார்ஜ் போடுவான் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். அதை மணல் நிரப்பிய வாளியில் போட்டு முற்றத்தில் வைத்தோம்.

சிக்னல் விஷயம் இதைவிட அடிப்படை. அவர் போட்டது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பது. விமானத்துக்கும் காருக்கும் அது நல்லது. தண்ணீருக்குள் அந்த அலை போகாது, மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் இறங்கியதுமே செத்துவிடும். அதனால்தான் தொட்டியில் வேலை செய்தது. நீர்மூழ்கி மாடல் ஓட்டுகிறவர்கள் இன்றும் 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் மாதிரி பழைய வகை ரிமோட்டுகளைத் தேடி வாங்குவது இதற்குத்தான். நன்னீரில் அவை சில மீட்டர் ஆழம்வரை பேசும். எந்த ரிமோட்டாக இருந்தாலும், சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தி பேலஸ்டைக் காலி செய்து மேலே வர வைக்கும் ஃபெயில்சேஃப் இருக்க வேண்டும். இவர் வைத்த ரிசீவர் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டளை, முன்னே போ, கீழே இறங்கு.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "குளத்துத் தண்ணி சரியில்ல சார். கடல்ல விட்டுப் பாருங்க, உப்புத்தண்ணியில நல்லா மிதக்கும்." முட்டத்திலோ குளச்சலிலோ யாரும் இந்தப் பேச்சை நம்பி இறக்கிவிடாதீர்கள். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். 27 மெகாஹெர்ட்ஸுகூட அதில் ஒரு சாண் தாண்டத் திணறும். நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் நிற்கும் 400 மீட்டரைத் தாண்டிய கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்காகக் கடற்படை வைத்திருப்பது. அங்கே 18 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கித்தான் பேச முடிகிறது. கடற்படைக்கே அந்தப் பாடு. மிதப்பு பற்றிச் சொன்னதும் அரைகுறைதான். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம், அதனால் குளத்தில் சரிபார்த்த மாடல் கடலில் முங்குவதற்கே கூடுதல் எடை கேட்கும்.

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்கிறவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. குறைந்த பணத்தில் நேர்மையாகச் செய்யவும் வழி உண்டு. பேலஸ்ட் டேங்கே இல்லாமல், கொஞ்சம் மிதக்கிற மாதிரி எடை வைத்து, வேகத்தாலும் துடுப்பு மாதிரியான தகடுகளாலும் மட்டும் முங்க வைக்கலாம். மோட்டார் நின்றால் தானாக மேலே வந்துவிடும். புதிதாகச் செய்பவருக்கு அதுவே போதும். அதைச் சொல்லாமல், ஒரு பையன் பார்த்துப் பார்த்துக் கட்டிய பொருளைத் திரும்ப ஒட்டமுடியாதபடி கெடுத்ததுதான் எங்களால் தாங்க முடியாதது. அந்த கிட் இங்கே கடையில் கிடைக்காது.

இந்த வேலைக்கு யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், முன்பணத்துக்கு முன்னால் அவர் செய்த வேறு ஒரு நீர்மூழ்கியைக் குளத்தில், ஆள் ஆழத்தில், நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முங்கியிருக்கும்போது ரிமோட்டை உங்கள் கையால் அணையுங்கள். அது மேலே வந்தால் மேற்கொண்டு பேசலாம். உருளையை மட்டும் தனியாக, உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு, ஒரு இரவு முழுக்கத் தண்ணீருக்கடியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருக்க வேண்டும். உங்கள் மாடலை வெட்டுவதென்றால் எங்கே வெட்டப் போகிறார் என்று பென்சிலில் கோடு போட வைத்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட் எந்த அலைவரிசை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் பணம் அனுப்பிய ரசீது, அவருடைய செய்திகள், தொட்டி வீடியோ, அறுத்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். உங்களிடம் அவர் கொடுத்த மாடல் இருந்தால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரியை மட்டும் பிரித்து வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே வையுங்கள், ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும்.